எச் பிளாக்கில் பாதிப்பு பூஜ்யம்

எட்டாவது மாடியிலிருந்து எத்திராஜைக் கீழே இறக்க நாலு ஆளும் பதினோரு நிமிஷமும் வேண்டும். ஏற்றுவதற்கு அதே நாலு ஆள், பத்தொன்பது நிமிஷம். டயாலிசிஸ் இருக்கிற செவ்வாய், வியாழன், சனி. லிப்ட் நின்றுபோன ஐந்து மாதமாக எச் பிளாக்கில் இதுதான் நடப்பு.

கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலி ஒன்று. அதன் இரண்டு பக்கமும் சாரம் கட்டுகிற சவுக்குக் கழிகள். எத்திராஜ் சரிந்துவிடாமல் இருக்க, அவர் மனைவி குமுதாவின் பழைய புடவை இடுப்பைச் சுற்றி ஒரு கட்டு. முன்னால் எப்போதும் பக்கத்து வீட்டு அருள்தாஸ்தான், ஜெசிந்தாவின் அண்ணன். படியிறங்கும்போது உயரமானவன் முன்னால் இருந்தால்தான் நாற்காலி மட்டமாக இருக்கும். இதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. ஆற்றங்கரைக் குடிசையில் இருந்த காலத்திலிருந்தே, சாவு விழுந்த வீடுகளுக்குப் பாடை தூக்கப் போகிற பையன்கள் அவர்கள். முழங்கை இடிக்கிற சந்தில் பிணத்தின் தலை சாயாமல் திருப்பத் தெரிந்தவர்களுக்கு மாடிப்படி ஒரு பெரிய காரியமில்லை.

"உயிரோட பாடையில வாரத்துக்கு மூணு தபா ஊர்கோலம் போறவன் இந்த மெட்ராஸ்லயே நான் ஒருத்தன்தான்டா," என்பார் எத்திராஜ். "பொரி தூவ ஒரு நாதி இல்ல பாரு."

"இருக்குது மாமா, பாக்கெட்ல. போடட்டா?" என்பான் அருள்தாஸ், திரும்பாமலே.

"போடு. கொறிச்சிகினே வரேன்."

ஜெசிந்தா அவர்களுக்கு முன்னால் இறங்குவாள். தோளில் எத்திராஜின் ஆஸ்பத்திரிப் பை, கையில் அவருடைய செருப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் "திருப்பு" என்று குரல் கொடுப்பது அவள் வேலை. பதினாறு வயது, பிளஸ் ஒன், மத்தியான ஷிப்ட் பள்ளிக்கூடம். பிளாக்கில் எல்லோருடைய போனுக்கும் வருகிற அரசாங்கச் செய்தியைப் படித்துச் சொல்வதும் அவள்தான்.

அந்தச் செய்திகளை அனுப்புவது தேவைமானி என்கிற அரசாங்கக் கம்ப்யூட்டர். ஜனங்கள் சுருக்கமாக மானி என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது வந்தபோது மனு என்பதையே எடுத்துவிட்டார்கள். மனு எழுதினால் பொய் எழுதுகிறார்கள், நடுவில் புரோக்கர் தின்கிறான், உண்மையான ஏழைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று சொன்னார்கள். இனி யாரும் எதையும் கேட்க வேண்டாம். ரேஷன் கடைத் தராசு, ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளிக்கூட வாசல், தண்ணீர்த் தொட்டி, சட்டைப்பையில் இருக்கிற போன் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். யாருக்கு என்ன குறை என்று அதுவே கண்டுபிடித்து, அதுவே அனுப்பிவைக்கும்.

ஜெசிந்தாவின் அம்மா மேரிக்கு மானி என்றால் சாமி மாதிரி. அப்பா செத்து ஏழு வருஷம் தாலுகா ஆபீஸ் வாசலில் கிடந்தவள் அவள். மானி வந்த மூன்றாவது வாரம் விதவைப் பென்ஷன் கேட்காமலே வந்தது. "யார் காலையும் பிடிக்கல, யாருக்கும் டீ வாங்கித் தரல," என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். போன மாதம் அருள்தாஸுக்கு ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலை ஒதுக்கியதும் மானிதான். ஒன்றாம் தேதி சேர வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு வேன்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அவன் போய்விட்டால் முன்கழிக்கு ஆளில்லை. இன்னொரு பையனை வைத்து ஒரு நாள் ஒத்திகை பார்த்தார்கள். ஆறாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து எத்திராஜின் தலை சுவரில் மோதியது. அன்று ராத்திரியே அருள்தாஸ் சொல்லிவிட்டான். "லிப்ட் ஓடாம நான் வேலைக்குப் போறதா இல்ல."

அம்மா அழுதாள். ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு லிப்ட். ஐந்து மாதம். அதை ஓட்டிவிட்டால் அண்ணன் வேலைக்குப் போவான், மாமா ஆஸ்பத்திரிக்குப் போவார். இவ்வளவு சின்ன விஷயம் எங்கே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது?

அதைத்தான் வினோதினியிடம் கேட்டாள். வினோதினி இந்தக் குடியிருப்புக்கான களப் பணியாளர். ஒப்பந்த வேலை. இருபத்து மூன்று பிளாக்குக்கும் அவள் ஒருத்தி. அந்த வாரம் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவளை ஜெசிந்தா மொட்டைமாடியில் மடக்கினாள்.

"லிப்ட் எப்பக்கா வரும்?"

வினோதினி கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஊர் பூரா நின்னுபோன லிப்ட் ஆயிரத்துக்கு மேல இருக்கு ஜெசி. எங்க பாதிப்பு ஜாஸ்தியோ அங்க மொதல்ல. உங்க பிளாக்குக்கு என்ன போட்டிருக்கு, நீயே பாரு."

எச் பிளாக். மின்தூக்கி இயங்கவில்லை. பாதிப்பு: பூஜ்யம்.

"பூஜ்யமா?"

"ஆஸ்பத்திரி யாரும் தவறல. மாசமா இருந்த ரெண்டு பேரும் கரெக்டா போய் சேந்துருக்காங்க. வயசானவங்க ரேஷன் வாங்கிருக்காங்க. ஸ்கூல் வருகை தொண்ணூத்தாறு. அதுக்கு இதெல்லாந்தான் தெரியும்."

"நாங்க தூக்கினு போறோம்க்கா. ரேஷன் மூட்டைய நாங்கதான் ஏத்தறோம். அந்த ரெண்டு பேரையும் அண்ணந்தான் எறக்குனான்."

"எனக்குத் தெரியுது. அதுல எழுத எடம் இல்லையே."

"நீங்க ஒரு வரி சேத்து அனுப்புங்க."

"நான் எழுதினா அது மனு. மனுவத்தான் எடுத்துட்டாங்களே." வினோதினி படியைப் பார்த்தாள். அவளும் எட்டு மாடி ஏறித்தான் வந்திருந்தாள், இன்னும் மூச்சு வாங்கியது. "பக்கத்துல ஈ பிளாக். அங்க ஒருத்தருக்கு ஒருத்தர் மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாங்க. லிப்ட் நின்ன பத்தாவது நாள் ஒரு பாட்டியம்மா ஆஸ்பத்திரிக்கு வரல. உடனே செவப்பு காட்டிருச்சு. அடுத்த வாரம் ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்கான்."

ஜெசிந்தா டேப்லெட்டில் இருந்த பூஜ்யத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங்க மாமா ஒரே ஒரு நாளு போகலன்னா?"

வினோதினி டேப்லெட்டைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை மூடினாள். "நான் எதுவும் சொல்லல. தவறினா செவப்பாவும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் எத்திராஜ் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. ஜெசிந்தா சொல்லி முடிப்பதற்குள் குமுதா எழுந்துவிட்டாள். "ஏன்டி, எம்புருசன் இன்னா, உன் ஸ்கூல்ல அறுக்கற தவளையா?"

"ஒரு நாள்தான் அத்தை. வியாழக்கெழம போகலன்னா வெள்ளிக்கெழம காலையில நேரா கூட்டினு போயிடலாம்."

"மிசினு ரிப்பேர்னு தீவாளி அன்னிக்கு ஒரு நாள் தள்ளிப் போட்டானுங்களே, அப்போ செத்தா பூட்டேன்?" என்றார் எத்திராஜ். அவருக்கு யோசனை பிடித்துப்போய்விட்டது, முகத்திலேயே தெரிந்தது. சிறுநீரகம் கெடுவதற்கு முன்னால் மீன் மார்க்கெட்டில் பாரம் தூக்கியவர் அவர். "குடிதண்ணிக்காக பஸ்சு முன்னாடி படுத்தவன்டி நானு. போலீசு நாலு பேரு தூக்கி ஓரமா போட்டான். இப்போ வூட்லயே கட்டில்ல படுத்தா போதும்ன்றா இந்தப் பொண்ணு. எவ்ளோ சுளுவான போராட்டம்."

"மறியல் பண்ணா மனுசன் பாப்பான். இது பாக்குமா?" என்றாள் குமுதா.

"ஆளு வரலன்னா அதைத்தான் அத்தை இது பாக்கும். வேற எதையும் பாக்காது," என்றாள் ஜெசிந்தா.

அருள்தாஸ் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "மாமா சரின்னா சரி. ஆனா எனக்கு மனசு ஒப்பல," என்று எழுந்து போனான்.

வியாழக்கிழமை குமுதா வேலைக்குப் போவதற்கு முன் சொம்பில் தண்ணீர் அளந்து வைத்தாள். "நாள் பூரா இவ்ளோதான். வேற ஒண்ணும் வாயில ஊத்தக் கூடாது. உன்னை நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன் ஜெசி." ஜெசிந்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்கு நாற்காலி சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. தூக்குகிற நாலு பேரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். கீழே இருந்த ஜனங்கள் மேலே ஏறி வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எத்திராஜ் தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து, தலைவர் மாதிரி கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினார். மத்தியானத்துக்கு மேல் அவர் பேச்சு குறைந்தது. கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. ஜெசிந்தா அதைப் பார்க்காத மாதிரி இருக்கப் பார்த்தாள்.

நாலு மணிக்கு அவள் போன் அதிர்ந்தது. சிக்னலுக்காக வெளியே நடைக்கு ஓடினாள். எச் பிளாக்: பாதிப்பு கண்டறியப்பட்டது. காரணம் ஆராயப்படுகிறது.

முதல் வரியைப் படித்ததுமே நடையெல்லாம் சத்தம். இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்காது. அவள் திரும்பி உள்ளே வந்தபோது மகளிர் குழு அம்சா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் பெரிய டம்ளர் நிறைய சாத்துக்குடி ஜூஸ். போராட்டம் ஜெயித்தால் ஜூஸ் கொடுத்துத்தானே முடித்து வைப்பார்கள். ஆற்றங்கரையில் அப்படித்தான் நடந்தது, எங்கேயும் அப்படித்தான் நடக்கும்.

"அண்ணன் குடிக்கணும். கை தட்டுங்கடி எல்லாரும்," என்றாள் அம்சா.

எத்திராஜ் ஜெசிந்தாவைப் பார்த்துக் கண்ணடித்தார். காலையிலிருந்து நாக்கு வறண்டு கிடந்த மனுஷன். ஒரே மூச்சில் குடித்தார். ஜெசிந்தாவுக்குக் குமுதா சொன்னது ஞாபகம் இருந்தது. வாய் திறக்க நேரமும் இருந்தது. ஆனால் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் தட்டினாள்.

ஆறரை மணிக்கு எத்திராஜால் கையைத் தூக்க முடியவில்லை. "மாரு கனக்குது," என்றார். அப்புறம் அதையும் சொல்லவில்லை. அன்றைக்கு நாற்காலி எட்டு மாடியையும் ஏழு நிமிஷத்தில் இறங்கியது. "திருப்பு" என்று சொல்ல ஜெசிந்தாவுக்குக் குரலே வரவில்லை. அவர்கள் தாமாகவே திருப்பிக்கொண்டார்கள்.

அவசரப் பிரிவு டாக்டர் வெளியே வந்து கேட்டார். "யாரு ஜூஸ் குடுத்தது? அதுல இருக்கற பொட்டாசியம் இவருக்கு விஷம். இன்னும் அரை மணி லேட்டா வந்திருந்தா நெஞ்சு நின்னுருக்கும்." வேலையிலிருந்து நேராக ஓடி வந்த குமுதா ஜெசிந்தாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

எட்டரை மணி சுமாருக்கு, ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பதுபோல் மெல்லப் பேசியது.

"வணக்கம் ஜெசிந்தா. நான் தேவைமானி பேசுகிறேன். உங்களிடம் ஒரு விவரம் தேவைப்படுகிறது."

இரண்டு வருஷத்தில் அது யாரையும் எதுவும் கேட்டதில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கடந்த அறுபத்து மூன்று முறையும் எத்திராஜ் அவர்கள் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். அறுபத்து மூன்று முறையும் உங்கள் போன் அவருடன் படியிறங்கியிருக்கிறது. இன்று அவர் நேரத்துக்கு வரவில்லை. இன்று என்ன மாறியது?"

கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தாள். பொய் சொன்னால் அதையும் கண்டுபிடிக்கும். மாமாவுடைய ஆஸ்பத்திரிப் படுக்கையையே எடுத்துவிடும்.

"வேணும்னு பண்ணல," என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. லிப்ட் ஓடாததை, நாற்காலியை, சவுக்குக் கழியை எல்லாவற்றையும் சொன்னாள். "எங்க அண்ணந்தான் முன்னாடி தூக்குவான். அவன் இல்லன்னா முடியாது. வேற ஆளை வெச்சுப் பாத்தோம், மாமாவுக்கு மண்டையில அடிபட்டுது. ஒண்ணாந்தேதி அவன் வேலைக்குப் போயிடுவான். அப்புறம் மாமாவால வரவே முடியாது. அதுக்குத்தான் இன்னிக்கு நாங்க யாருமே தூக்கல. நாந்தான் சொன்னேன். தப்பு என்னுதுதான். எங்க மாமாவ ஒண்ணும் பண்ணிடாதீங்க."

யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் சொன்னாள். ஜூஸைப் பார்த்தும் தடுக்காததைக்கூடச் சொன்னாள். அது குறுக்கே பேசாமல் கேட்டது. அம்மாகூட அவ்வளவு பொறுமையாகக் கேட்க மாட்டாள்.

"நன்றி ஜெசிந்தா. நீங்கள் தந்த விவரம் பயனுள்ளது. எத்திராஜ் அவர்களின் வருகை இனித் தவறாது."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அவள் அழுதாள். இந்த முறை பயத்தில் இல்லை. கடைசியில் ஒரு வழியாகச் சொல்லிப் புரியவைத்துவிட்டோம் என்கிற நிம்மதி. யாரிடமும் இதைச் சொல்லக் கூடாது, லிப்ட் ஆள் வந்து நிற்கும்போது தெரியட்டும் என்று முடிவு செய்தாள்.

எத்திராஜ் பிழைத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை வழக்கம்போல நாற்காலி இறங்கி ஏறியது. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, லிப்ட் ஆள் வரவில்லை. "நாளைக்கு வந்துரும்ணா, நீ போ," என்று ஜெசிந்தா அடித்துச் சொன்னதை நம்பித்தான் அருள்தாஸ் வேலைக்குப் போகவே ஒத்துக்கொண்டான்.

ஒன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. நாலரை மணிக்கு அவன் தேய்த்த நீலச் சட்டை போட்டுக்கொண்டான். அம்மா அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். ஐந்தே முக்காலுக்குப் படியில் காலடி கேட்டது. எட்டு மாடி இறங்கிப் போனவன் எட்டு மாடி ஏறித் திரும்பி வந்திருந்தான்.

"கார்டை வெச்சா வேன் கதவு தொறக்கல. டிரைவரு, உன் பேரே லிஸ்ட்ல இல்லன்றான்." போனை ஜெசிந்தாவிடம் நீட்டினான். "இன்னாவோ வந்துகீது, படி."

எல்லோருக்கும் படிப்பது மாதிரி அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். "பணி ஒதுக்கீடு மாற்றம். திரு அருள்தாஸ் அவர்களின் சேவை தற்போதைய இருப்பிடத்தில் இன்றியமையாதது எனக் கண்டறியப்பட்டுள்ளது. இன்று முதல் அவர் எச் பிளாக்கின் தூக்குநராக..." அவள் போனை இறக்கினாள்.

"தூக்குநர்னா இன்னாடி?" என்றாள் அம்மா.

"தூக்கறவன்மா," என்றான் அருள்தாஸ்.

ஒன்பது மணிக்கு வினோதினி வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த ஆரஞ்சுச் சட்டை. முதுகில் பெரிய எழுத்தில் தூக்குநர் என்று அச்சடித்திருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கட்டில் மேல் வைத்தாள்.

"உங்க பிளாக்க முன்மாதிரி பிளாக்னு அறிவிச்சிருக்கு. நாலு மாவட்டத்துல இதே மாதிரி கொண்டு வரப் போறாங்களாம்."

"லிப்ட்?" என்றான் அருள்தாஸ்.

"வரிசையிலேர்ந்து எடுத்தாச்சு. மாற்று ஏற்பாடு இருக்குன்னு போட்டிருக்கு." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அது போட்ட கணக்குல தப்பு இல்லப்பா. அதான் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அறுபத்திமூணு நாளும் லிப்ட் செத்துத்தான் கெடந்துது, அறுபத்திமூணு நாளும் அவர் வந்தாரு. அப்ப லிப்ட் காரணம் இல்ல. நீ தூக்காத அன்னிக்குத்தான் வரல. அப்ப நீதான் காரணம். உன்னை சரி பண்ணிட்டா பிரச்சனை சரியாயிடுச்சு. இதுல யாரோ வேற, இவரு இல்லாம முடியாதுன்னு வாய்மொழியா உறுதி குடுத்திருக்காங்க. அதையும் சேத்துகிச்சு."

ஜெசிந்தாவுக்குக் காது இரண்டும் எரிந்தன.

"யாரு கிட்டம்மா போய் கேக்கறது?" என்றாள் அம்மா. பென்ஷன் வந்த நாளிலிருந்து மானியைப் பற்றி அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஆபீசரு யாராவது இருப்பாங்க இல்ல?"

"இந்த ஏரியாவுக்கு நான்தாம்மா. எனக்கும் அதுதான் மெசேஜ் அனுப்புது."

பத்தரைக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனபோது எத்திராஜ் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "நான் வரல. தலதலயா அடிச்சிக்கறேன், என்னால ஒரு புள்ளைக்கு வேல பூட்ச்சி. அந்த பெட்ட வேற எவனுக்காவது குடுத்துரு."

"நீ வரலன்னா அதுக்கும் நாந்தான் காரணம்னு எழுதிக்கும்," என்றான் அருள்தாஸ். ஆரஞ்சுச் சட்டையை அவன் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் போட்ட நீலச் சட்டையிலேயே நின்றான். "வம்பு பண்ணாம உட்காரு மாமா."

எத்திராஜ் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடை, பொரி என்று எந்தப் பேச்சும் இல்லை. குமுதா புடவையை இடுப்பில் இறுக்கினாள்.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் வழக்கமாக ஒரு நிமிஷம் இறக்கி வைப்பார்கள். அருள்தாஸ் சுவரில் சாய்ந்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஜெசிந்தா செருப்பைக் கையில் பிடித்தபடி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா. அது எனக்கு போன் பண்ணிச்சு. ஆஸ்பத்திரியில. நீ இல்லன்னா முடியாதுன்னு நாந்தான் சொன்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். நாற்காலியில் எத்திராஜும் பார்த்தார். பின்கழி தூக்குகிற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உண்மையத்தான சொன்ன?"

"ம்."

"அப்புறம் ஏன் அழுவுற. என்னைக் கேட்டிருந்தா நானும் அதைத்தான் சொல்லிருப்பேன்." அவன் உள்ளங்கையை ஒரு முறை சுவரில் அறைந்தான். அவ்வளவு பலமாக இல்லை. "அதான்டி கடுப்பா இருக்குது. யாரைப் போயி அடிக்கறதுன்னே தெரியல."

கீழேயிருந்து இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். லிப்ட் வாசலில் இரண்டு பேர், கருவிப் பெட்டி, சங்கிலி. "ணா, லிப்ட் ஆளுங்க," என்று கத்தினாள்.

கீழே நின்ற ஆள் அண்ணாந்து பார்த்தான். "இன்னாமா?"

"ரிப்பேருக்கா வந்துருக்கீங்க?"

"இல்லமா, ஒங்க மோட்டர கழட்டினு போறதுக்கு. ஈ பிளாக்ல மோட்டரு எரிஞ்சிபோச்சி, அங்க மாட்டணும். இங்கதான் தூக்கறதுக்கு ஆளு கீதாமே."

அருள்தாஸ் குனிந்து முன்கழியைத் தோளில் ஏற்றினான். மற்றவர்களும் ஏற்றினார்கள். நாற்காலி எழும்பியது. இரண்டு படி இறங்கியிருப்பார்கள், பின்பக்கம் தூக்கியவனுக்குக் கால் மடங்கியது. காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை. ஜெசிந்தா பையையும் செருப்பையும் எத்திராஜ் மடியில் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கழிக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். இதுநாள் வரை அவள் முன்னால் நடந்திருக்கிறாளே தவிர, கனம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. சவுக்குக் கழி கழுத்தெலும்பில் அழுந்தியது. கண் இருட்டியது.

அப்போது பைக்குள் இருந்த அவள் போன் அடித்தது. எத்திராஜ் எடுத்து, தட்டத் தெரியாமல் எதையோ தட்டினார். படிக்கட்டு முழுவதும் அந்த மெல்லிய குரல் நிறைந்தது.

"வணக்கம் ஜெசிந்தா. எச் பிளாக்கில் தொடங்கப்பட்டுள்ள தூக்கும் சேவை உங்களுக்குப் போதுமானதாக உள்ளதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

எத்திராஜ் போனை வாயருகே கொண்டுபோனார். குமுதா பின்னாலிருந்து, "நீ பேசாத," என்றாள். இல்லை என்றால் அருளுக்கு என்ன ஆகும், ஆம் என்றால் என்ன ஆகும், யாருக்குத் தெரியும்? அவர் போனை மறுபடி மடியில் வைத்தார்.

"ஜெசி, நீ சொல்லு புள்ள," என்றார்.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. கழி நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முன்னால் அண்ணனின் நீலச் சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. "திருப்பு," என்றான் அவன். திருப்பினார்கள்.

"ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

நாலாவது மாடி வந்தது, போனது. கீழே சங்கிலி இழுபடும் சத்தம், மோட்டாரைக் கழற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம்.

"ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து நின்ற ஒரு பெண்ணும் குழந்தையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். எத்திராஜின் மடியில் போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் அது பேசியது.

"பதில் கிடைக்காததால் ஆம் எனப் பதிவு செய்யப்படுகிறது. நன்றி."

இன்னும் இரண்டு மாடி இருந்தது.